வேடமிட்ட எலி

எங்கள் ஆபீஸில் மொத்தம் ஒன்பது மவுஸ்கள். ஏழுக்கு வால் உண்டு. இரண்டு வாலில்லாதவை. நிஜ எலிகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவை பழைய வவுச்சர் கட்டுகள் இருக்கும் அறையில் தனி நிர்வாகம் நடத்துகின்றன.

கிளார்க்காகச் சேர்ந்து, முடி கொட்டி, ஹெட் கிளார்க் ஆனவன் நான். வவுச்சர் அறை எலிக்கு மசால்வடை வைத்துப் பொறி வைக்கத் தெரியும். மேஜை மேல் கிடக்கும் எலியைப் பார்த்துப் பயப்பட வேண்டிய நாள் வரும் என்று 2021 ஆகஸ்ட் வரை யாராவது சொல்லியிருந்தால், அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "வீட்டுக்குப் போய்ப் படுங்க சார்" என்று அனுப்பியிருப்பேன்.

எனக்கு ஊர் திருவேட்டக்குடி. காரைக்காலிலிருந்து கோட்டுச்சேரி வழியாகத் தரங்கம்பாடி போகிற ரோட்டில் வந்து கிழக்கே திரும்பிப் போய்க்கொண்டே இருந்தால் கடல் வரும். கடலுக்குச் சற்று முன்னால் நாங்கள். சம்பந்தர் பாடிய தலம். சுவாமி பெயர் திருமேனியழகர். அர்ஜுனனைச் சோதிக்க சிவபெருமான் வேடனாக வேடம் போட்டு வந்த கதையைச் சொல்லித்தான் எங்கள் ஊர்ப் பெயருக்கே விளக்கம் தருவார்கள். வந்திருப்பது யார் என்று தெரியாமல் அர்ஜுனன் வில்லை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போனானே, அந்தக் கதை.

இப்போது ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. புதுச்சேரி என்.ஐ.டி. இங்கேதான் இருக்கிறது. பெயரில் புதுச்சேரி, இருப்பு திருவேட்டக்குடி. பேரைப் பார்த்து ஆளை முடிவு செய்யக் கூடாது என்பது எங்கள் ஊர்க்காரனுக்கு இரண்டு விதத்தில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அது தெரியவில்லை. பேரைச் சொன்னால் போதும், கதவைத் திறந்துவிடுகிற ரகம்.

* * *

என் வீட்டு மாடி போர்ஷனில் ஒரு தம்பி குடியிருந்தான். பாலிடெக்னிக் டிப்ளமா. எங்கள் ஆபீஸிலேயே சிஸ்டம் பார்க்கிற வேலை. ஆபீஸில் என்னை 'சார்' என்பான். வீட்டுப் படியேறியதும் 'அண்ணே' ஆகிவிடுவேன். என் மனைவி அவனுக்கு 'அண்ணி'. வெள்ளிக்கிழமை வைக்கிற மீன் குழம்பில் அவனுக்கு ஒரு கிண்ணம் நிரந்தரமாக உண்டு. (எனக்குக் கூடக் கேட்டால்தான்.)

அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே எல்லோருடைய வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொண்டான். அதுவரை எங்கள் ஆபீஸில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் எல்லோரும் ராஜா. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம். என்னுடையதில் ஜாதகம் கணிக்கிற ஸாஃப்ட்வேர் இருந்தது. கேஷியருடையதில் சீட்டாட்டம். தம்பி வந்து அத்தனை பேரின் ராஜ்யத்தையும் பிடுங்கினான். அட்மின் பாஸ்வேர்டு அவனிடம் மட்டும். நாங்கள் எல்லோரும் வெறும் பிரஜைகள். புதிதாக ஒரு ஸாஃப்ட்வேர் போட வேண்டுமென்றால் அவன் வந்து தட்ட வேண்டும்.

"சார், வைரஸ் வந்தா உங்க பேர்லதான் வரும். உங்களுக்கே அதிகாரம் இல்லேன்னா, அதுக்கும் அதிகாரம் இருக்காது" என்றான்.

எனக்குப் புரிந்தது. என் ஜாதகத்துக்குத்தான் புரியவில்லை.

தம்பிக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். ராத்திரி பதினோரு மணி வரை கம்ப்யூட்டரில் துப்பாக்கி சுடுவான். அதற்கென்று ஒரு மவுஸ் வைத்திருந்தான். தீபாவளி மத்தாப்பு மாதிரி பச்சை, நீலம், சிவப்பு என்று மாறி மாறி எரியும். விலையைக் கேட்டு என் மனைவி, "இந்தக் காசுக்கு ஒரு மிக்ஸி வாங்கலாமே தம்பி" என்றாள்.

2021 ஆகஸ்ட் 22, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. மொட்டைமாடியில் கடல் காற்று வாங்கிக்கொண்டிருந்தேன். தம்பி செல்போனைப் பார்த்தபடியே ஓடி வந்தான்.

"அண்ணே! நான் ஆபீஸ்ல போட்டு வச்சிருக்கிற அவ்வளவு பூட்டும் வேஸ்ட்டுண்ணே!"

"ஏன், சாவி தொலைஞ்சு போச்சா?"

"சாவியே வேணாம்ணே. இந்த மவுஸ் போதும்."

* * *

விஷயம் இதுதான். முந்தின நாள், சனிக்கிழமை, ஜான்ஹாட் என்ற புனைபெயரில் எழுதும் ஓர் ஆராய்ச்சியாளர் ட்விட்டரில் ஒரு வீடியோ போட்டிருந்தார். ரேசர் என்ற கம்பெனியின் மவுஸை விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகினால், யாரையும் எதுவும் கேட்காமல் அந்தக் கம்பெனியின் 'சினாப்ஸ்' என்கிற ஸாஃப்ட்வேர் தானாக இறங்கி வரும். மவுஸுக்குக் கலர் லைட் மாற்ற, கூடுதல் பட்டனுக்கு வேலை கொடுக்க, அதற்காக உள்ள சமாசாரம். உலகமெங்கும் பத்துக் கோடிப் பேருக்கு மேல் உபயோகிக்கிறார்கள் என்று கம்பெனியே பெருமையாகச் சொல்லியிருந்தது.

தானாக வருவதில் தப்பில்லை. எந்த அதிகாரத்தில் வருகிறது என்பதில்தான் தப்பு. தம்பி எனக்குச் சொன்ன உதாரணத்தையே சொல்கிறேன்.

"அண்ணே, உங்க வீட்டுக்கு பீரோ கொண்டாந்து இறக்க ஒரு ஆளு வர்றான். சீக்கிரம் வேலை முடியட்டும்னு அவன் கையில வீட்டு மொத்தச் சாவிக்கொத்தையும் குடுத்துடறீங்க. அவன் வாசல்ல நின்னு, 'பீரோவை எங்கே வைக்கட்டும்?'னு கேக்கறான். கேக்கும்போது கையை நீட்டறான். நீட்டின கையில சாவிக்கொத்து தொங்குது. வாசல்ல நிக்கிறது யாரா இருந்தாலும் அதை எடுத்துக்கலாம்."

அந்த ஸாஃப்ட்வேரும் அப்படித்தான் 'என்னை எந்த ஃபோல்டரில் வைக்கட்டும்?' என்று ஒரு ஜன்னலைத் திறந்து கேட்டது. அந்த ஜன்னலும் கம்ப்யூட்டரின் உச்ச அதிகாரத்திலேயே திறந்தது. அங்கே ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டு மவுஸின் வலது பட்டனைத் தட்டினால், கட்டளை தட்டுகிற கறுப்புத் திரை வரும். அதற்கும் உச்ச அதிகாரம். அட்மின் பாஸ்வேர்டு என்று ஒன்று இருக்கிறதே, அதைவிட மேலே.

இதற்கு நிஜ மவுஸ்கூட வேண்டாம் என்பதுதான் இன்னும் விசேஷம். கம்ப்யூட்டரில் எதைச் செருகினாலும் அது "நான் இன்ன கம்பெனி, இன்ன மாடல்" என்று ஒரு நம்பரைச் சொல்லும். கம்ப்யூட்டர் அதை அப்படியே நம்பும். ரேஷன் கார்டு காட்டு, ஆதார் காட்டு என்றெல்லாம் கேட்காது. அந்த நம்பரைச் சொல்ல ஒரு ஆண்ட்ராய்டு போனைப் பழக்கிவிட்டால் போதும் என்று இன்னொரு ஆராய்ச்சியாளர் சில நாட்களில் செய்தே காட்டினார். போன் வேடம் போட்டு, 'நான்தான் மவுஸ்' என்று வந்து நிற்கும். கம்ப்யூட்டர் வில்லை எடுக்காது. அர்ஜுனனுக்கு இருந்த சந்தேக புத்திகூட அதற்குக் கிடையாது. "வாங்க, வாங்க, காப்பி சாப்பிடறீங்களா?" என்று உள்ளே அழைத்துவிடும்.

"சரிப்பா, ஒருத்தன் நேர்ல வந்து செருகினாத்தானே?" என்றேன்.

"நம்ம முன் கவுன்ட்டர்ல தினம் எத்தனை பேர் போனைச் சார்ஜ் போடறாங்க அண்ணே?"

கடல் காற்று திடீரென்று கொஞ்சம் சில்லென்று வீசியது. கூரியர் பையன், டீக்கடைப் பையன், லாரி டிரைவர்கள், பில் வாங்க வருகிறவர்கள்... வருகிறவர்கள் எல்லோரும் "சார், ஒரு அஞ்சு நிமிஷம் சார்ஜ்" என்று முன் கவுன்ட்டர் கம்ப்யூட்டரில்தான் ஒயரைச் செருகுவார்கள். சிலருக்கு நானே செருகி விட்டிருக்கிறேன். அதே கவுன்ட்டரிலிருந்துதான் மாதக் கடைசியில் நாற்பத்து மூன்று தொழிலாளிகளின் சம்பளம் அவரவர் பேங்க் கணக்குக்குப் போகிறது.

* * *

மறுநாள் திங்கள்கிழமை. தம்பி மவுஸைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனான். துணைக்கு நான்.

மேனேஜர் நல்லவர். மாஸ்க்கை மூக்குக்குக் கீழே போட்டிருப்பார், கொரோனாவுக்குத் தம்மிடம் ஒரு மரியாதை உண்டு என்கிற நம்பிக்கையில். தம்பி முறைப்படி விளக்கியிருக்க வேண்டும். ஆனால் இருபத்து நாலு வயசு. விளக்குவதைவிடக் காட்டுவதில்தான் ருசி. "சார், ஒரு நிமிஷம்" என்று மேனேஜர் கம்ப்யூட்டரிலேயே மவுஸைச் செருகிவிட்டான்.

லைட் எரிந்தது. ஜன்னல் திறந்தது. வலது பட்டன். கறுப்புத் திரை. அதில் ஆங்கிலத்தில் 'நான் யார்?' என்று ஒரே வார்த்தையாகச் சேர்த்துத் தட்டினான். அப்படி ஒரு கட்டளையே இருக்கிறதாம். திருவண்ணாமலையில் ரமண மகரிஷி எல்லோரையும் கேட்டுக்கொள்ளச் சொன்ன கேள்வி. மனிதர்களுக்குப் பல ஜன்மம் ஆகும் என்கிறார்கள். கம்ப்யூட்டர் அரை செகண்டில் பதில் சொல்லிவிட்டது: 'என்.டி. அதாரிட்டி, சிஸ்டம்.' அதாவது, நானே எல்லாம்.

தம்பி பெருமையோடு நிமிர்ந்தான்.

மேனேஜர் திரையைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். மாஸ்க்கைக் கழற்றினார்.

"அப்போ, நீ இத்தனை நாளா இப்படித்தான் உள்ளே போய்க்கிட்டிருந்தியா?"

"இல்ல சார்... எனக்குத்தான் அட்மின் பாஸ்வேர்டே தெரியுமே. நான் ஏன் சார்..."

"பாஸ்வேர்டும் தெரியும், ஓட்டையும் தெரியும்!"

இதற்கு என்ன பதில் சொல்வது? வீட்டுக்கார அம்மாவிடம் "உங்க கொல்லைக் கதவுத் தாழ்ப்பாள் உடைஞ்சிருக்கு" என்று சொன்ன பால்காரன் நிலைமை. "நீ ஏன் கொல்லைப்பக்கம் போனே?" என்றுதான் முதலில் கேட்பார்கள். தாழ்ப்பாளை யாரும் பார்க்க மாட்டார்கள்.

நான் குறுக்கே புகுந்தேன். "சார், வெளியில இதுக்குப் பரிசு குடுக்கறாங்க சார். நம்ம தமிழ்நாட்டுப் பையன் லக்ஷ்மண் முத்தையா, 2019-ல இன்ஸ்டாகிராம்ல ஒரு ஓட்டையைச் சொன்னதுக்கு ஃபேஸ்புக் 30,000 டாலர் குடுத்தாங்க. இந்த வருஷம் மைக்ரோஸாஃப்ட் 50,000 டாலர்." (முந்தின நாள் ராத்திரி தம்பி சொல்லிக் கொடுத்த புள்ளிவிவரம்.)

"நம்ம கம்பெனியில போனஸே குடுக்கலை. போய்யா!" என்றார் மேனேஜர்.

பத்து நிமிஷத்தில் 'சைபர் கிரைம்', 'போலீஸ்' என்ற வார்த்தைகள் அறைக்குள் வந்துவிட்டன. தம்பி முகத்தில் இருந்த அத்தனை லைட்டும் அணைந்தது.

* * *

இந்த இடத்தில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். தம்பி பக்கமும் ஒரு தப்பு உண்டு.

சாயங்காலம் தெரிந்த வக்கீல் ஒருவரைப் போனில் பிடித்தேன். 2000-ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டம். அதன் 43-வது பிரிவு, சொந்தக்காரர் அனுமதி இல்லாமல் அவர் கம்ப்யூட்டருக்குள் நுழைவதையே தப்பு என்கிறது. நஷ்டஈடு கேட்கலாம். 66-வது பிரிவு அதற்கும் மேலே. அதே காரியத்தை நேர்மையில்லாமலோ மோசடியாகவோ செய்தால் மூன்று வருஷம் வரை ஜெயில், ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

"மேனேஜர் கண் முன்னாடியே செஞ்சிருக்கான். மோசடின்னு சொல்றது கஷ்டம். ஆனா ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செருகியிருக்கலாம்" என்றார் வக்கீல்.

ஒரு வார்த்தை! தன் சொந்த கம்ப்யூட்டரில் செய்து வீடியோ எடுத்துக் காட்டியிருக்கலாம். அல்லது "சார், உங்க மெஷின்ல பாக்கலாமா?" என்று ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கலாம். ஆபீஸில் வேலை செய்யும் இளைஞர்கள் யாராவது இதைப் படித்தால், மவுஸைச் செருகுவதற்கு முன்னால் அந்தச் சீட்டைச் செருகுங்கள். ஆபீஸில் சொல்லிக் கேட்காவிட்டால், ஸாஃப்ட்வேர் ஓட்டைகளைப் பற்றிச் சொல்வதற்கு மத்திய அரசின் செர்ட்-இன் என்ற அமைப்பு 2004-லிருந்து இருக்கிறது. நீங்கள் சொல்வதை வாங்கிக்கொண்டு, ஸாஃப்ட்வேர் கம்பெனிக்காரனைக் கூப்பிட்டுப் பேசுவதும் அவர்கள் வேலையில் ஒன்று.

அதற்காக, சொன்னவுடன் பெரிய கம்பெனிகள் ஓடி வந்து காலில் விழும் என்று எண்ண வேண்டாம். அந்த ஜான்ஹாட்டும் முதலில் ரேசர் கம்பெனிக்குத்தான் எழுதினார். பதில் இல்லை. வீடியோ போட்டு உலகமே பார்த்த பிறகு பதில் வந்தது. சரி செய்கிறோம் என்றார்கள். ஊரறியப் போட்டு உடைத்ததை மனதில் வைத்துக்கொள்ளாமல், பரிசும் தருகிறோம் என்றார்கள். அதையாவது பாராட்டத்தான் வேண்டும். அடுத்த சில நாட்களிலேயே ஸ்டீல்ஸீரிஸ் என்ற இன்னொரு கம்பெனியின் ஸாஃப்ட்வேரிலும் இதே பாணி ஓட்டை. அவர்கள், செருகினால் தானாக வந்து உட்காரும் வித்தையையே நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

இதற்கு மூன்று வருஷம் முன்னால் லாஜிடெக் கதை. உலகத்தில் பாதி ஆபீஸ் மேஜைகளில் இருக்கிற கம்பெனி. அவர்களுடைய 'ஆப்ஷன்ஸ்' என்கிற ஸாஃப்ட்வேர், கம்ப்யூட்டருக்குள் ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, யார் கட்டளை கொடுத்தாலும் கேட்டுக்கொண்டிருந்தது. நீங்கள் ஏதோ ஒரு வெப்சைட்டைத் திறந்து சினிமாச் செய்தி படித்துக்கொண்டிருப்பீர்கள். அந்த வெப்சைட், உங்கள் கீபோர்டில் நீங்களே தட்டுகிற மாதிரி எதையும் தட்டிவிட முடியும். நேரில் வந்து எதையும் செருக வேண்டிய அவசியம்கூட இல்லை. கடவுச்சீட்டு மாதிரி ஒரு நம்பரைக் கேட்கும்தான். ஆனால் எத்தனை தடவை தப்பாகச் சொன்னாலும் கோபித்துக்கொள்ளாது. சரியாக வரும்வரை சொல்லிக்கொண்டே இருக்கலாம்.

கூகுள் கம்பெனியின் டாவிஸ் ஆர்மண்டி என்பவர் இதைக் கண்டுபிடித்து, 2018 செப்டம்பரில் லாஜிடெக் ஆட்களைச் சந்தித்தே சொன்னார். 'புரிந்தது, செய்கிறோம்' என்றார்கள். அக்டோபர் முதல் தேதி வந்த புதுப் பதிப்பிலும் ஓட்டை அடைபடவில்லை. 90 நாள் தவணை முடிய, டிசம்பர் 11-ஆம் தேதி ஆர்மண்டி விஷயத்தை வெளியில் விட்டார். 13-ஆம் தேதி ஓட்டையை அடைத்த பதிப்பு வந்துவிட்டது! செப்டம்பரிலிருந்து கிடைக்காத நேரம் இரண்டே நாளில் எங்கிருந்து கிடைத்தது? எங்கள் ஆபீஸில் ஆடிட்டர் வருகிறார் என்றதும் ஆறு மாத ஃபைல் ஒரே ராத்திரியில் சரியாகிவிடுமே, அந்த மாதிரிதான் போலிருக்கிறது.

மவுஸ் மட்டும் என்றில்லை. 2017 மே மாதம் ஹெச்.பி. லேப்டாப்கள் சிலவற்றில் சவுண்டுக்காகப் போட்ட டிரைவர், மைக்கை அணைக்கும் பட்டனைத் தட்டினார்களா என்று கவனிப்பதற்காக எல்லாப் பட்டனையும் கவனித்து, தட்டியதையெல்லாம் ஒரு ஃபைலில் எழுதி வைத்துக்கொண்டிருந்தது தெரிய வந்தது. பாஸ்வேர்டு உட்பட! ஒட்டுக்கேட்கும் எண்ணம் இல்லை, சோதனைக்காக எழுதினதை எடுக்க மறந்துவிட்டோம் என்றார்கள். எதிர்வீட்டு மாமி சொல்கிற அதே பதில்.

* * *

புதன்கிழமை காலை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"போலீஸெல்லாம் வேணாம். இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம். மெமோ அடிச்சுக் கொண்டாங்க."

"சார், பையன் நல்லதுக்குத்தான்..."

"நல்லதுக்குத்தான்னு எனக்கும் தெரியும். ஹெட் ஆபீஸ்ல கேட்டா யார் பதில் சொல்றது? நீங்களா?"

நான் சொல்லியிருக்க வேண்டும், 'ஆமாம், நான்தான்' என்று. எனக்கு ரிடையராக நாலு வருஷம் பாக்கி. பெண்ணுக்குக் கல்யாணம் பாக்கி. வெளியே வந்து டைப் அடிக்க உட்கார்ந்தேன்.

ஆங்கிலத்தில் அடித்தேன். அனுமதி இல்லாத மவுஸ் ஒன்றை ஆபீஸ் கம்ப்யூட்டரில் உபயோகித்ததற்காக, இத்யாதி. பிரிண்ட் கொடுத்தேன்.

பிரிண்ட் வரவில்லை. திரையில் ஒரு பெட்டி. 'டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும், அட்மின் பாஸ்வேர்டு கொடு' என்றது.

இதற்கும் ஒரு காரணம் உண்டு. அந்த வருஷம் ஜூலையில் விண்டோஸின் பிரிண்டர் சமாசாரத்திலேயே ஒரு பெரிய ஓட்டை வெடித்தது. 'பிரிண்ட் நைட்மேர்' என்று பேர் வைத்தார்கள். பிரிண்டர் துர்சொப்பனம்! ஆயுள் முடிந்த விண்டோஸ் 7-க்கும் சேர்த்து அவசரமாக மருந்து அனுப்பியது மைக்ரோஸாஃப்ட். ஆகஸ்ட் 10-ஆம் தேதி வந்த அடுத்த மருந்து, இனிமேல் பிரிண்டர் டிரைவர் போடவோ புதுப்பிக்கவோ அட்மின் அனுமதி வேண்டும் என்று கண்டிப்பு போட்டுவிட்டது. ஓட்டை அடைந்தது. கூடவே உலகமெங்கும் ஆபீஸ்களில் பிரிண்ட்டும் அடைந்தது. அந்தக் கண்டிப்பு அன்றைக்குத்தான் என் மேஜைக்கு வந்து சேர்ந்திருந்தது.

பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது?

கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். தம்பி தன் நாற்காலியில் உட்கார்ந்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தான்.

"தம்பி... ஒரு பிரிண்ட் எடுக்கணும்..."

வந்தான். திரையைப் பார்த்தான். மெமோ அதில் திறந்தே இருந்தது. மூடி வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஒன்றும் சொல்லாமல் பாஸ்வேர்டு தட்டினான். டிரைவர் ஏறியது. பிரிண்டர் கரகரவென்று ஆரம்பித்தது. பக்கத்தில் நின்றது அவன்தான், அதனால் பேப்பரை எடுத்தவனும் அவன்தான். படித்தான்.

"சார், ஒரு ஸ்பெல்லிங் தப்பு."

"என்னப்பா?"

"மவுஸ்னு அடிக்க வேண்டிய இடத்துல 'மௌத்'னு அடிச்சிருக்கீங்க."

அனுமதி இல்லாத வாய்! யோசித்துப் பார்த்தால், அந்த மெமோவில் உண்மையான வார்த்தை அது ஒன்றுதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? அதைத் திருத்தி, மறுபடி பிரிண்ட் எடுத்து, மேனேஜரிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன்.

அன்று ராத்திரி வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. தட்டில் சோறு விழுந்த சத்தத்திலிருந்தே விஷயம் கீழ் போர்ஷனுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று புரிந்தது. ரொம்ப நேரம் கழித்து மனைவி கேட்டாள்:

"அந்தப் புள்ளை என்ன திருடிச்சு?"

"ஒண்ணும் திருடலை."

"பின்னே எதுக்கு நீங்க டைப் அடிச்சீங்க?"

ரசத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மோர் வரவே இல்லை.

தம்பி மாதக் கடைசி வரை ஒழுங்காக வேலை பார்த்தான். கடைசி நாள், ஒரு நீளமான கவரை ஒட்டி மேனேஜர் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக என் ரிஜிஸ்டரில் கையெழுத்தும் வாங்கினான். (ஒரு வார்த்தை எழுதி வாங்குகிற பாடத்தைப் படித்துக்கொண்டுவிட்டான்!) மேனேஜர் கவரைப் பிரிக்காமலே லாக்கரில் வைத்துப் பூட்டினார். பையன் கும்பகோணத்தில் ஒரு இடத்தில் சிஸ்டம் வேலைக்குப் போனான். சம்பளம் இங்கேயைவிட இரண்டாயிரம் கூட. மாடி போர்ஷனைக் காலி செய்யும்போது அந்தக் கலர் மவுஸை, "அண்ணி, பாப்பாவுக்கு" என்று கொடுத்தான். என் மனைவி அதை வாங்கிக்கொண்டு, ஒரு டப்பா நிறைய மாவடு கொடுத்தாள். என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனான். நான்தான் அவன் முகத்தைப் பார்க்காமல் "பார்த்துப் போப்பா" என்றேன்.

* * *

நவம்பரில் நல்ல மழை. கரண்ட் போய்ப் போய் வந்ததில் ஆபீஸ் பிரிண்டர் உயிரை விட்டது. புதுப் பிரிண்டர் வந்து இறங்கியது. செருகினோம். அதே பெட்டி, அதே அட்மின் பாஸ்வேர்டு. சம்பளப் பட்டியல் எடுக்க வேண்டிய நாள் வேறு. தொழிலாளிகள் வெளியே குடையோடு நிற்கிறார்கள்.

மேனேஜர் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தி, "அந்தப் பையன் நம்பர் இருக்கா?" என்றார்.

"எதுக்கு சார்? பாஸ்வேர்டா? லாக்கர்ல கவர் இருக்கே. கையெழுத்துப் போட்டு வாங்கினீங்களே."

லாக்கரைத் திறந்தார். கவரைக் கிழித்தார். உள்ளே இரண்டு தாள்கள். ஒன்றில் பாஸ்வேர்டு, அழகாகக் கட்டம் போட்டு. இன்னொன்றில் தமிழில், அரைப் பக்கம். மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகவே படித்தார்.

மவுஸ் நகர்வதற்கு விண்டோஸில் ஏற்கெனவே இருப்பதே போதும், கம்பெனிக்காரனின் கலர் லைட் ஸாஃப்ட்வேர் எதுவும் நமக்கு வேண்டாம், இருந்தால் எடுத்துவிடவும் என்று எழுதியிருந்தான். எதையாவது செருகினால் அந்தக் கம்பெனியின் ஸாஃப்ட்வேர் தானாக வந்து இறங்குவதை, விண்டோஸ் செட்டிங்ஸில் 'டிவைஸ் இன்ஸ்டலேஷன்' என்ற இடத்தில் 'நோ' என்று மாற்றி நிறுத்தலாம், ஒன்பது மெஷினிலும் மாற்றியாகிவிட்டது, புது மெஷின் வாங்கினால் மறக்காமல் மாற்றவும். நாற்காலியை விட்டு எழுந்தால் விண்டோஸ் பட்டனையும் 'எல்' எழுத்தையும் சேர்த்துத் தட்டித் திரையைப் பூட்டவும். சம்பளம் போடுகிற கம்ப்யூட்டரை முன் கவுன்ட்டரிலிருந்து உள் அறைக்கு மாற்றவும். வருகிறவர்கள் போன் சார்ஜ் போட, சுவரில் செருகுகிற சார்ஜர் ஒன்று என் செலவில் வாங்கிக் கவுன்ட்டர் இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். இருந்தது. பில்லோடு.

மேனேஜர் தாளை இரண்டாம் தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, நிஜமான ஆதங்கத்தோடு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஏன் சார், இவ்வளவு முக்கியமான விஷயத்தை அந்தப் பையன் இங்கே இருக்கும்போதே நம்மகிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"